மாலைப் படிப்பு மையம் தொடங்க நினைப்பவர்களுக்கு: நெல்லைப் பக்கத்து ஊர்களுக்கான வழிகாட்டி

முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடி பக்கம் சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையில் பீடித் தட்டைப் பார்க்கலாம். அம்மா இலையைச் சுருட்ட, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டும். ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தில் பனையேறும் குடும்பங்கள், உவரி, இடிந்தகரை, கூட்டப்புளியில் கடலுக்குப் போகிற குடும்பங்கள், பாபநாசம் மலையில் பழங்குடியினரான காணிக்காரர்கள், எங்கெங்கோ செங்கல் சூளைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று உழைப்பு ஊருக்கு ஊர் மாறும். இந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் ஏழாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர்.

இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது என்று கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் ஓய்வுபெற்றவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசுக்குத் தனியாகக் கவுன்சலிங், படிப்புக்குத் தனியாக டியூஷன் என்று பிரித்துத் தொடங்காதீர்கள். வாசிக்கத் தெரியாமல் வருடக்கணக்காக வகுப்பில் தலையைக் குனிந்து உட்காருகிற வெட்கம்தான் பல பிள்ளைகளின் பெரிய காயம். அந்த வெட்கம் படாமல் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்தால், மனசும் படிப்பும் சேர்ந்தே தேறும்.

பள்ளியிலிருந்து தொடங்குங்கள்

ஊருக்குள் நேராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டாதீர்கள். முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். யார், எதற்காக வந்திருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் வர முடியும் என்று சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு எல்லா அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அந்தக் குழுவில் உள்ள அம்மாக்கள் இரண்டு பேர் உங்களை அறிந்திருந்தால், ஊரில் பாதிக் கதவு திறந்த மாதிரி.

கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் தேடிப் பிடியுங்கள். எந்த வீட்டில் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளும் அவரை அக்கா என்று கூப்பிட்டுப் பழகியிருப்பார்கள். அவர் துணை இருந்தால் நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

தலைமையாசிரியரிடம் மோசமான பிள்ளைகளின் பட்டியல் கேட்காதீர்கள். அடிக்கடி வராதவர்கள் யார், எந்த மாதங்களில் வருகை குறைகிறது என்று கேளுங்கள். பனங்காட்டு ஊர்களில் பதநீர்க் காலத்தில் குடும்பமே பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசைக்குக் குடிபோய்விடும். அப்போது பள்ளி நாள்களும் பறிபோகும். இந்தப் பருவக் கணக்கு தெரியாமல் 'ஆர்வமில்லாத பிள்ளை' என்று பேர் வைப்பது அநியாயம்.

இடம் எது என்பது சின்ன விஷயம் இல்லை

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டும். நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி. யாராவது அன்பாக 'எங்க சமுதாயக் கூடம் சும்மாதான் கிடக்கு, அங்க வச்சுக்கிடுங்க' என்பார்கள். நல்ல மனசோடு சொல்வார்கள். ஆனால் அங்கே வைத்தால் அடுத்த தெருப் பிள்ளை வராது. வந்தாலும் வாசலோரம்தான் உட்காரும். பள்ளிக் கட்டடம், ஊர்ப்புற நூலகம், ஊராட்சிக் கட்டடம் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கூசாமல் உள்ளே வருகிற இடம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். மின்விசிறி இல்லை, சுவர் காரை பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் பரவாயில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் எந்த நிறக் கயிறு என்பதை வைத்து யார் யாரோடு உட்காருவது என்று முடிவாவதை நம் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பழகிக்கொள்கிறார்கள்.

அதனால் மையத்தில் சில வழக்கங்களை முதல் நாளிலிருந்தே வையுங்கள். 'நீ எந்தத் தெருலே?' என்று பேச்சுக்குக்கூடக் கேட்காதீர்கள். நம் ஊரில் அது என்ன கேள்வி என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீருக்கு ஒரே குடம், எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர். வட்டமாக உட்கார வையுங்கள். யார் பக்கத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கூட்டிப் பெருக்குவது, பாய் விரிப்பது எல்லாருக்கும் முறை வைத்து வரட்டும். பெருக்கும் வேலை ஒரே தெருப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். யாரும் சொல்லாமலே அது அப்படித்தான் போகும். சாதியைச் சொல்லித் திட்டு விழுந்தால் அந்த நொடியே நிறுத்தி, 'இங்க இந்தப் பேச்சு கிடையாது' என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள். திட்டியவனிடமும் திட்டு வாங்கியவனிடமும் அப்புறம் தனித்தனியாகப் பேசலாம். எல்லார் முன்னாலும் கைகுலுக்க வைத்துச் சமாதானம் செய்வது வேண்டாம். காயப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு அவமானம்.

நேரத்தைப் பொறுத்தவரை, பீடி ஊர்களில் கடையில் பீடி கொடுக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். பெண்பிள்ளைகள் ராத்திரி ஆகிவிடாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்றால் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிப்பது நல்லது. வாரம் மூன்று நாள் போதும். ஆறு நாள் என்று சொல்லிவிட்டு நான்கு நாள் வருவதைவிட, மூன்று நாள் என்று சொல்லி மூன்று நாளும் வருவது பெரிது. பெரியவர்கள் சொல்வது நடக்காது என்று வாழ்க்கை கற்றுக்கொடுத்த பிள்ளைகள் இவர்கள். வர முடியாத நாளை முந்தின வகுப்பிலேயே சொல்லுங்கள். அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்கிற கோயில் திருவிழாக்கள், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போவது இவற்றை வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து, அன்றைக்கெல்லாம் விடுமுறை என்று அறிவித்துவிடுங்கள். கொடை பார்க்கப் போன பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்கும் நிலை வரக்கூடாது.

வீட்டுக்குப் போவது

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போங்கள். கையில் படிவத்தோடு போகாதீர்கள். கணக்கெடுப்புக்கு வந்தவர் என்று நினைத்து அளந்து பேசுவார்கள். திண்ணையில் உட்காருங்கள். கொடுக்கிற காப்பியைக் குடியுங்கள். எந்த வீட்டில் குடிக்கிறீர்கள், எந்த வீட்டில் வேண்டாம் என்கிறீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. வயதைப் பார்த்து ஆச்சி, பெரியம்மா, அக்கா, அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பேசுங்கள். பிள்ளைகளை 'ஏல', 'ஏட்டி' என்று அழைப்பது உறவும் உரிமையும் உள்ளவர்கள் வாயில் இனிக்கும். வெளியூரிலிருந்து வந்தவர் அதை முதல் நாளே எடுத்துக்கொண்டால் அதட்டல் போல் கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முழுப் பெயரை, ஒழுங்காக. பட்டப்பெயர் ஊருக்குள் எவ்வளவு புழங்கினாலும் உங்கள் வாயில் வர வேண்டாம்.

பெற்றோர் பலர் சொல்வது ஒன்று உண்டு. 'கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சார்.' இது நம்பிக்கையின் பேச்சு. உங்களை வாத்தியாராக ஏற்றுக்கொண்டோம் என்கிறார்கள். அதைப் புரிந்துகொண்டு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: 'இங்க அடி கிடையாதுக்கா. அடிச்சா பயம்தான் வரும், படிப்பு வராது.' குழந்தைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதைப் பள்ளிகளில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவிலேயே தடை செய்திருக்கிறது. உங்கள் மையம் பள்ளி இல்லை என்றாலும் அதே கோடுதான்.

பீடி சுற்றும் வீட்டில் 'பிள்ளையை வேலை வாங்காதீர்கள்' என்று உபதேசம் செய்யாதீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. குழுக் கடன் தவணை நாள் நெருங்கும்போது அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு கட்டும் கணக்கு. 'அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் பிள்ளையை எனக்குக் கொடுங்கக்கா' என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். தவணை நாளில் கிடைக்காமல் போனால் சண்டைக்கு நிற்காதீர்கள்.

முதல் சில வகுப்புகள்

பாடப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். கதை, விளையாட்டு, பாட்டு, படம் வரைவது போதும். கிளியாந்தட்டு, பாண்டி, பல்லாங்குழி எல்லாம் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் கற்றுக்கொள்வதில் பிள்ளைகளுக்கு வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும். யார் சேர்ந்து விளையாடுகிறார்கள், யார் ஒதுங்குகிறார்கள், எழுத்து வந்தால் யார் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்கள் என்று இந்த நாள்களில் கவனியுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். சில எழுத்துகள், சில சொற்கள், எளிய வாக்கியங்கள் நான்கு, ஒரு சின்னக் கதை. இவ்வளவுதான் சோதனை. எது வரைக்கும் தடையில்லாமல் வருகிறதோ அதுதான் பிள்ளையின் நிலை. வகுப்பு எது என்பதை மறந்துவிட்டு நிலையை வைத்துக் குழு பிரியுங்கள். குழுவுக்கு முதல் குழு, இரண்டாம் குழு என்று பேர் வைக்காதீர்கள். பொருநை, மணிமுத்தாறு, சிற்றாறு, பச்சையாறு என்று நம் ஆறுகள் இருக்கின்றன.

வாசிக்கக் கற்றுக்கொடுப்பது

இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும்.

பிள்ளை சொல்வதை எழுதி, அதையே வாசிக்க வையுங்கள். 'நேத்து என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். 'எங்க ஆச்சி வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு' என்று சொன்னால், அப்படியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'இரண்டு', 'போட்டது' என்று திருத்தாதீர்கள். தான் சொன்ன வாக்கியம் என்பதால் பிள்ளைக்கு அர்த்தம் முன்னாலேயே தெரியும். எழுத்தை மட்டும் பிடித்தால் போதும். மறுநாள் அதிலிருந்து ஆ, டு, கு என்று எழுத்துகளைப் பிரித்து, வேறு சொற்கள் செய்யலாம். ஆடு, மாடு, நாடு, வீடு. இப்படி ஒரு மாதம் போனால் பிள்ளையிடம் அதன் வாழ்க்கையே ஒரு சின்னப் புத்தகமாக இருக்கும். பாட நூல் நடைக்கு அப்புறம் மெல்ல நகர்த்தலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது உயிர்மெய்க் குறிகளில். கெ, கே, கொ, கோ இவை நான்கும் சேர்ந்து குழப்பும். ஒரு நேரத்தில் ஒரு சோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடி, கோடி. பெட்டி, பேட்டி. ஓசையை நீட்டிச் சொல்லும்போது கையையும் நீட்டச் சொல்லுங்கள். ழகரம் நம் பக்கத்தில் பேச்சில் ளகரமாகத்தான் வரும். 'வாளப்பளம்', 'மளை' என்று எழுதுகிற பிள்ளை தன் காதில் விழுவதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. 'நல்லாக் கேட்டு எழுதியிருக்க. எழுதும்போது மட்டும் இங்க ழ வரும்' என்று சொன்னால் போதும். வீட்டில் ஆச்சி பேசுவது தப்பு என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடக்கூடாது.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அட்டையைப் பார்த்ததுமே அவமானப்பட்டு மறுநாள் வரமாட்டார்கள். பஸ் போர்டு, ரேஷன் அட்டை, சினிமா போஸ்டர், கிரிக்கெட் செய்தி, திருவிழா நோட்டீஸ் இவற்றில் தொடங்குங்கள். சின்னப் பிள்ளைக்கான கதைப் புத்தகத்தையே வாசிக்க வைக்க இன்னொரு வழியும் உண்டு. 'வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நீதான் படிச்சுக் காட்டணும், தயார் பண்ணு' என்று சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தை மூன்று நாள் பழகுவதற்கு இப்போது மரியாதையான காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சின்னதுகள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரிய பிள்ளை நிமிர்ந்து உட்காரும். நான் பார்த்ததில் இதைவிட நல்ல மருந்து வேறு இல்லை.

தயாராகாத பிள்ளையை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள், ஒருபோதும். பாராட்டும்போது 'கெட்டிக்காரன்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இன்னிக்கு கொ, கோ ரெண்டையும் நீயே பிரிச்சிட்ட' என்று செய்ததைச் சொல்லுங்கள்.

கணக்கு

பீடி ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வாயில் இருக்கும், தாளில் இருக்காது. 25 பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்று கேட்டால் '40' என்று யோசிக்காமல் சொல்லும் பிள்ளை, 1000 ÷ 25 என்று எழுதினால் மலைத்துப்போகும். அது தனக்குத் தெரிந்த அதே கணக்குதான் என்று காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீன் ஏலம், பதநீர் அளவு, பஸ் கட்டணம் என்று ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும். கடன் வாங்கிக் கழித்தலில்தான் பெரும்பாலானோர் நின்றுபோவார்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை அவிழ்த்துக் காட்டுங்கள். அதற்கு மேல் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மனசு வாடியிருப்பதைக் கண்டுகொள்வது

பிள்ளை வந்து 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும். எதற்கெடுத்தாலும் அடிக்கக் கை ஓங்கும். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிடுவாள். வகுப்பிலேயே தூங்கும். அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரி வீட்டில் யார் தூங்க முடியும்? 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் பெய்த மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் பார்த்த பிள்ளைகள் சிலர் இன்றும் வானம் கறுத்தால் ஒடுங்கிவிடுவார்கள். வெள்ளத்தில் புத்தகம் போனது, ஆடு போனது, சிலருக்கு வீடே போனது. வானம் கறுத்த அன்றைக்குப் பாடத்தை விட்டுவிடுங்கள். ஜன்னல் பக்கம் உட்கார வைக்காமல், 'மழை கூடுனா யார் யாரை யார் வீட்டுல கொண்டுபோய் விடுவோம்' என்று எல்லாருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். பயத்துக்கு ஒரு ஏற்பாடு இருப்பதே ஆறுதல்.

வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் மனசு கேட்கும் பழக்கம் வையுங்கள். வெயில், மேகம், மழை, இடி என்று நான்கு படம் வரைந்து சுவரில் ஒட்டி, உள்ளே வரும்போது தன் மனசு இன்றைக்கு எது என்று தொட்டுவிட்டு வரச் சொல்லலாம். காரணம் கேட்க வேண்டாம். இடியைத் தொட்ட பிள்ளைக்கு அன்று கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். போகும்போது பக்கத்தில் நடந்து போங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் வராத பேச்சு, கூட நடக்கும்போது தானாக வரும்.

அப்படிப் பேச்சு வந்தால் கேளுங்கள். 'இதுக்குப் போய் அழலாமா' என்று சொல்லாதீர்கள். அறிவுரை உடனே வேண்டாம். 'உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்' என்ற ஒரு வரி, அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. வராமல் இருந்த பிள்ளை திரும்பி வந்தால் 'ஏன் வரல?' என்பதற்குப் பதில் 'நேத்து உன்னைத் தேடுனோம்' என்று சொல்லிப் பாருங்கள்.

பெண்பிள்ளைகள் சடங்குக்குப் பிறகு வராமல் போவது பல ஊர்களில் நடக்கும். அம்மாவிடம் போய்ப் பேசுவதற்கு மையத்தில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். திருமணப் பேச்சு அடிபடுகிறது என்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள். 18 வயதுக்கு முன் நடத்தினால் குழந்தைத் திருமணம், குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம்.

சாக வேண்டும் போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, விளையாட்டுக்குச் சொல்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல் வீட்டாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டிலும் எந்த நேரமும் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். டோக்கன் எங்கே வாங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடும் குடும்பங்கள் உண்டு. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

பிள்ளை ஒரு கொடுமையைச் சொல்லிவிட்டால்

யாரோ தப்பாகத் தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால், நீங்கள் செய்ய வேண்டியது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னதை அதன் வார்த்தையிலேயே அன்றே எழுதித் தேதி போடுங்கள். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்' என்று சொல்லுங்கள். நீ சொன்னது நல்லது, தப்பு உன் மேல் இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும், சம்மதிக்காதீர்கள். பிள்ளையின் பெயர் வெளியே போகக்கூடாது, அதுவும் சட்டம்.

வயிறு, கண், காது

பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும், பத்தாம் வகுப்பு வரை மதிய உணவும் உண்டு. ஆனால் மதியம் சாப்பிட்ட பிள்ளை ஐந்தரை மணிக்குப் பசியோடுதான் வரும். சுண்டல், அவித்த மொச்சை, கடலை மிட்டாய், வாழைப்பழம் ஏதாவது ஒன்று முதலில் கொடுங்கள், பாடம் அப்புறம். முடிந்தபின் கொடுப்போம் என்று வைத்தால் அது கூலி ஆகிவிடும்.

நோட்டை மூக்கருகில் பிடிக்கிற பிள்ளை, கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இவர்களைக் குறித்து வையுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் குளிக்கிற பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது சாதாரணம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். காது மந்தமாகி, மக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கும். பள்ளி மருத்துவக் குழு வரும்போது சொல்லுங்கள். அதுவரை பொறுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டிப்போகலாம்.

உரிமையாக வர வேண்டிய பணம்

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற தேசிய உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இதை ஏழாம் வகுப்பிலேயே அம்மாக்களிடம் சொல்லி வையுங்கள். படிப்பை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்தத் தொகை ஞாபகத்துக்கு வர வேண்டும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்து. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் ஒத்துப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இல்லாதவர்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

வெளியே அழைத்துப் போவது

வருடத்துக்கு ஒருமுறையாவது ஊரை விட்டு வெளியே அழைத்துப் போங்கள். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. மூலைக்கரைப்பட்டி பக்கம் கூந்தன்குளத்தில் எங்கிருந்தோ வரும் பறவைகளுக்கு ஊர் மக்களே காவல். வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பிள்ளைகள் அங்கே கேட்கிற கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தால் ஒரு மாதத்துக்கு வாசிக்கவும் எழுதவும் பாடம் கிடைத்துவிடும். போவதற்கு முன் எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

உங்களுக்கான கோடுகள்

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியே இருக்காதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இருவர். பெற்றோர் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். அனுமதி இருந்தாலும் 'ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்தப் படத்தை நாளைக்கு அந்தப் பிள்ளையே பார்க்கும். தனியாகப் பணமோ பரிசோ ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சேர்கிற ஒவ்வொரு தன்னார்வலரிடமும், தெரிந்தவராக இருந்தாலும், காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் துயரம் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் மையத்தில் இன்னொருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். வேலையில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடி உட்கார்ந்து இதற்கென்றே பேசுவது நல்லது.

விலகும்போது

கல்லூரி முடியும், வேலை மாறும், கல்யாணம் ஆகும். போகத்தான் வேண்டியிருக்கும். கடைசி நாளில் சொல்லாதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்து வருகிறவரைக் கூட்டி வந்து, இரண்டு பேருமாகச் சில வகுப்புகள் எடுங்கள். 'அடிக்கடி வருவேன்' என்று சொல்லாதீர்கள். கொடைக்கு வர முடியும் என்றால் கொடைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி, வாருங்கள். வாசிப்பு நிலைகளை எழுதிய நோட்டைப் புதியவரிடம் கொடுங்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது, யாருக்குக் கண்ணாடி வர வேண்டும், யாருடைய உதவித்தொகை எந்த நிலையில் இருக்கிறது என்பவை அதில் இருக்கட்டும். பிள்ளைகள் உங்களிடம் நம்பிச் சொன்ன வீட்டுக் கதைகளை அதில் எழுத வேண்டாம். பாதுகாப்புக்காகச் சொல்லியே ஆக வேண்டியவற்றை மட்டும் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.